உணர்வுசார் நுண்ணறிவும் பொய் கண்டறிதலும்

உணர்வுசார் நுண்ணறிவு என்பது தன் உணர்வுகளையும் பிறர் உணர்வுகளையும் இனங்காணவும், புரிந்துகொள்ளவும், நெறிப்படுத்தவும் உள்ள திறன் ஆகும். இத்திறன் மிக்கவர்கள் பொய் பேசுபவரை எளிதில் அறிந்துகொள்வர் என்பது பரவலான நம்பிக்கை. உளவியல் ஆய்வுகள் இந்நம்பிக்கைக்குப் போதிய ஆதரவு தரவில்லை. விசாரணைகளில் இதனைச் சார்ந்திருப்பதால் குற்றமற்றவர் ஐயத்துக்கு உள்ளாகும் இடர் உண்டு.

கருத்தின் தோற்றம்

அமெரிக்க உளவியலாளர்களான பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் ஆகியோர், மறைக்க முயலும் உணர்வுகள் முகத்திலும் உடலசைவுகளிலும் "கசிகின்றன" என்று 1969 ஆம் ஆண்டில் எழுதினர். அரை நொடிக்கும் குறைவாகத் தோன்றி மறையும் இத்தகைய முகக்குறிகள் நுண்முகபாவங்கள் எனப்படுகின்றன. உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை பீட்டர் சலோவே, ஜான் மேயர் ஆகியோர் 1990 இல் வரையறுத்தனர். டேனியல் கோல்மன் 1995 இல் வெளியிட்ட நூல் அதனைப் புகழ்பெறச் செய்தது.

மனிதரின் திறன்

சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ ஆகியோர் 2006 இல் 206 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். அவற்றில் பங்குபற்றிய 24,483 பேரின் கணிப்புகளில் சராசரியாக 54% மட்டுமே சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50% சரியாக அமையும். உண்மைகளில் 61% உம், பொய்களில் 47% உம் சரியாக இனங்காணப்பட்டன.

ஐயங்கள்

* டிபாலோவும் பிறரும் 2003 இல் 158 நடத்தைக் குறிகளை ஆராய்ந்தனர். பெரும்பாலானவற்றுக்குப் பொய்யுடன் தொடர்பு இல்லை, அல்லது அத்தொடர்பு மிக வலுவற்றது.
* ஸ்டீபன் போர்ட்டர், லியான் டென் பிரிங்க் ஆகியோரின் 2008 ஆம் ஆண்டு ஆய்வில், முகபாவங்களுள் ஏறத்தாழ 2% மட்டுமே நுண்முகபாவங்களாக இருந்தன. அவை உண்மையான உணர்வு வெளிப்பாட்டின்போதும் தோன்றின.
* ஆய்வுகூடப் பொய்யில் பொய்யருக்கு இழப்பு ஏதுமில்லாததால் உணர்வு கசிவதில்லை என்பது எக்மன் தரப்பு வாதம். ஆனால் 2013 இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று உண்மை நிகழ்வுகளையே பயன்படுத்தியது. காணாமற்போன உறவினரை மீட்டுத் தருமாறு பொதுவில் வேண்டியவர்களின் 20 காணொளிகள் காட்டப்பட்டன. அவர்களுள் பாதிப்பேர் அவ்வுறவினரைக் கொன்றவர்கள். உணர்வுகளை உணரும், வெளிப்படுத்தும் திறன் மிக்கவர்களே பொய்யரிடம் கூடுதலாக ஏமாந்தனர்.

விளைவுகள்

தன்னை நம்பமாட்டார்களோ என்ற அச்சம் குற்றமற்றவர் முகத்திலும் தோன்றும். அதனைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்வதை எக்மனே "ஒத்தெல்லோ பிழை" எனப் பெயரிட்டு எச்சரித்தார். சேக்சுபியர் நாடகத்தில் டெஸ்டிமோனாவின் அச்சத்தை ஒத்தெல்லோ தவறாகப் புரிந்துகொள்வதை இப்பெயர் குறிக்கிறது.

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைக் கவனித்து ஐயத்துக்குரியோரைத் தெரிவு செய்யும் திட்டத்துக்கு 2007 முதல் ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவிடப்பட்டது. அதன் பயனுக்குச் சான்று இல்லை எனக் கூறிய அரசு பொறுப்புடைமை அலுவலகம், நிதியை மட்டுப்படுத்துமாறு 2013 இல் பரிந்துரைத்தது.

மாற்று அணுகுமுறை

முகத்தைவிடப் பேச்சின் உள்ளடக்கத்தைச் சான்றுகளுடன் ஒப்பிடுவது கூடிய பயன் தருகிறது. 2006 இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், கையிலுள்ள சான்றை உடனே வெளியிடாமல் வினவப் பயின்ற பயிற்சிக் காவலர்கள் 85% அளவுக்குச் சரியாகக் கணித்தனர். அப்பயிற்சி பெறாதவர்கள் 56% அளவுக்கே சரியாகக் கணித்தனர்.