கரிமூட்டமும் சீமைக்கருவேலமும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே, வைப்பாற்றை ஒட்டிய விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களில் கரிமூட்டம் போடுவது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். ஆனால் அதற்கு விறகு தரும் மரம் இந்த மண்ணின் மரம் அல்ல. மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 650 மில்லிமீட்டர் அளவுதான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். முத்துக்காகப் பல நாட்டார் தேடிவந்த கரைக்குப் பின்னால் இருந்தது பனையும் உடையும் நின்ற வறண்ட நிலம். குடை விரித்தாற்போல் நிற்கும் உடையின் முள் வேலிக்கு ஆனது, கட்டை அடுப்புக்குப் போனது.

விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவே சென்னை மாகாண வனத்துறை சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்தது. வனத்துறை அதிகாரி பெட்டோம் விதை கேட்டு எழுத, 1877 வாக்கில் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் அது நடப்பட்டது. நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள்தான் அதன் தாயகம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது தென்மாவட்டங்களில் பரவியது. வேலிக்கு நட்டதால் வேலிகாத்தான் என்றும் பெயர். நெற்றைத் தின்ற ஆடு போட்ட புழுக்கையில் முளைத்து, கண்மாய்க்கரை, ஓடை, தரிசு என்று எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

இதன் பலம் தூரில் இருக்கிறது: மேலே வெட்டினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.    வெட்டிய கட்டையை மண்ணுக்குள் அடைத்து எரித்துக் கரியாக்குவார்கள். அதுதான் மூட்டம்.

கனத்த கட்டைகளை நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் சிறு குச்சிகளைச் செருகி, மேலே இலைதழை பரப்பி, ஈர மண்ணால் பூசிவிடுவார்கள். உச்சியில் நெருப்பு வைத்ததும் வாயை அடைத்து, பக்கத்தில் சிறு துளைகள் மட்டும் விடுவார்கள். முதலில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். அது கட்டையின் ஈரம். புகை மெலிந்து நீலமானால் கட்டை கரியாகிவிட்டது என்று அர்த்தம். மூட்டம் உள்ளே அமுங்க அமுங்க மேல்மண் வெடிக்கும். அந்த வெடிப்பில் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். ஆகவே இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து, வெடித்த இடத்தில் ஈர மண் அப்ப வேண்டும். புகையிலும் அனலிலும் பல நாள் நின்று செய்யும் வேலை இது. இந்த உழைப்புக்கு உரிய மதிப்பு இதுவரை கிடைக்கவில்லை. நாலைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி தேறும். அது கொல்லுலைக்கும், தேநீர்க் கடைக்கும், சலவைப் பெட்டிக்கும், ஆலைகளுக்கும் போகிறது.

மழை பொய்த்த புஞ்சையில் சீமைக்கருவேலமே விளைச்சலாயிற்று. மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நின்ற மரத்தை மொத்தமாக விலைபேசிக் கொடுத்துவிட்டு, தூரை அப்படியே விட்டுவிடுவார்கள். கம்பு, பருத்திக்குத் திரும்ப வேண்டிய நிலம் இப்படித்தான் காடாகவே தங்கிவிட்டது. மரத்தைத் திட்டுவோரும் அதை நம்பிப் பிழைப்போரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள்.

2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டில் அப்பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு தனிக் கொள்கை வகுத்தது. எந்த உத்தரவும் பலிக்க வேண்டுமானால் மூட்டத் தொழிலாளியைத் துணைக்கு அழைப்பதே சரி. தூர்க்கட்டையில் வெந்த கரி கனமானது, நின்று எரியும், விலையும் கூடுதல். தோண்டியெடுக்கும் கூலி கட்டுபடியானால் தூரும் போகும், பிழைப்பும் நிற்கும். மேலே மட்டும் வெட்டிவிட்டால், அடுத்த ஐப்பசி மழைக்கு ஒரு தூரிலிருந்து நாலு கிளை கிளம்பிவிடும்.