மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் காணிப் பயன்பாடு: வரைபடமும் பருவ நாட்காட்டியும்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான எழுவான்கரையில் குடிசனம் நெருங்கி வாழ்கிறது. மேற்கே படுவான்கரையில் வயல்வட்டைகளும் குளங்களும், அவற்றுக்கு அப்பால் காடும் மேய்ச்சல்தரையும் உள்ளன. எந்தக் காணியை எதற்கு ஒதுக்குவது என்பதற்குத் திட்டமிடல் திணைக்களங்கள் வரைபடத்தில் விடை தேடுகின்றன: ஒரு துண்டுக்கு ஒரு நிறம். ஆனால் இங்கே ஒரே நிலம் பருவத்துக்குப் பருவம் கைமாறுகிறது. ஆகவே சமூக முன்னுரிமையை நிறத்தால் மட்டுமன்றி மாதத்தாலும் குறிக்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

இதற்குத் தெளிவான சான்று வயலும் மாடும். பெரும்போக விதைப்பு ஐப்பசி, கார்த்திகையில் நடந்து, மாசி, பங்குனியில் அறுவடை முடிகிறது. அறுவடைக்குப் பின் வட்டை முழுவதும் மேய்ச்சல்தரைதான். தாளை மேயும் மாடு எருவையும் விட்டுச் செல்கிறது. விதைப்புக் காலத்தில் அதே மாடு வயலுக்குப் பகையாகிவிடுவதால், பட்டிகள் மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவணைப் பகுதிகளுக்குப் போகின்றன. அங்கே மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எல்லைக்குள் வெளிமாவட்டச் சிங்கள விவசாயிகள் பயிர்ச்செய்கை தொடங்கியதை எதிர்த்து, 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். இதில் இன அரசியல் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் திட்டமிடல் சார்ந்த ஒரு குறையும் உண்டு. சில மாதங்களே மாடு நிற்கும் நிலம், மற்ற மாதங்களில் பார்ப்பவர் கண்ணுக்கு வெறுங்காணி. வெறுங்காணிக்கு வேறு பயன் தேடுவது நிருவாகத்தின் இயல்பு.

பருவத்தை வைத்து முடிவெடுக்கும் அவை ஒன்று இப்பகுதியில் ஏற்கெனவே உண்டு. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின்கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமை தாங்க, நீர்ப்பாசன, கமநல அதிகாரிகளும் வட்டவிதானைமாரும் விவசாயிகளும் உட்கார்ந்து, குளத்து நீர்மட்டத்தைக் கேட்டு, எத்தனை ஏக்கர் செய்வது, முதல் தண்ணீர் எப்போது, விதைப்பின் இறுதி நாள் எது, எந்த வயது நெல் போடுவது, கால்நடைகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று திகதி திகதியாகத் தீர்மானிக்கிறார்கள். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்தத் தீர்மானங்களுக்கு வலுவூட்டுகிறது. எந்த ஆலோசனைப் பட்டறையிலும் காணக் கிடைக்காத துல்லியம் இது. எனினும் இது நெல்லின் அவை. மாட்டை எப்போது அகற்றுவது என்று தீர்மானிப்பவர்கள், எங்கே கொண்டுபோவது என்பதைத் தீர்மானிப்பதில்லை. அந்த இடம் அவர்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

முகத்துவாரம் வெட்டும் விவகாரமும் இதே தன்மையது. வடகீழ்ப் பருவமழையில் வாவி நிரம்பும்போது தாழ்நில வயல்காரர் மணல்திட்டை உடனே வெட்டக் கேட்பார். இறாலையும் மீனையும் நம்பியிருக்கும் வாவி மீனவர் அவசரப்பட்டு வெட்டினால் தொழில் கெடும் என்பார். 2011 ஜனவரி வெள்ளம் போன்ற பேரிடரில் விவாதத்துக்கே இடமில்லை. மற்ற ஆண்டுகளில் நீர் எந்த மட்டத்தை எட்டினால் வெட்டுவது என்பதை மழைக்கு முன்பே இரு தரப்பும் கூடி முடிவு செய்துகொள்ளலாம்.

கேளாமல் போடப்பட்ட கோடு எப்படி முடியும் என்பதை 2004 சுனாமி காட்டியது. வடக்கு, கிழக்குக் கரைகளுக்கு 200 மீற்றர் தடைவலயம் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது. நாவலடி போன்ற கரையோரக் கிராமத்தவர் பலர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர். பாதுகாப்புக் கிடைத்தது; கடற்றொழிலாளிக்குத் தொழிலிடம் தூரமாயிற்று. அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வகுத்த எட்டுப்படிப் பங்கேற்பு ஏணியில், வெறுங் கருத்துக் கேட்பு பெயரளவுப் பங்கேற்பில்தான் சேரும். இங்கோ அந்தப் படிகூட எட்டப்படவில்லை.

அதிகாரப் பங்கீடும் தடையாகவே உள்ளது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அத்திருத்தம் கூறிய தேசிய காணி ஆணைக்குழு நிறுவப்படவில்லை. மகாவலி அதிகார சபை, வனம், கரையோரம், நகர அபிவிருத்தி எனத் தனித்தனி அதிகாரங்கள் ஒரே நிலத்தின்மீது கோடு போடுகின்றன. அவை ஒன்றுபடும்வரை காத்திராமல் மாவட்ட மட்டத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆரம்பக் கூட்டத்தில் பண்ணையாளர், வாவி மீனவர் பிரதிநிதிகளுக்கும் இடமளித்து, அங்கே ஒப்புக்கொள்ளப்படும் திகதிகளை மாவட்டக் காணிப் பயன்பாட்டுத் திட்டத்தின் பகுதியாகப் பதிவுசெய்ய வேண்டும். அப்பதிவில் முதலில் இடம்பெற வேண்டியது, ஐப்பசி முதல் பங்குனி வரை பட்டிகள் செல்லும் வழியும் அவை தங்கும் தரையும்.