எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் நடந்த வினாடி வினாப் போட்டிக்கு என்னை நடுவர்களில் ஒருவனாக அமர்த்தியிருந்தார்கள். இலக்கியச் சுற்று மட்டுமே என் பொறுப்பு. ஆனால் தகராறு எழுந்தது பொது அறிவுச் சுற்றில். ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைக் கொண்ட சொல் எது என்பது வினா. ஓர் அணி ‘செட்’ என்றது; மற்றோர் அணி ‘ரன்’ என்றது. வினாத் தயாரித்தவரின் தாளில் ‘செட்’ என்றிருந்தது. இரண்டாம் அணியில் இருந்த மாணவி விடுவதாக இல்லை. “ஐயா, ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களே மாற்றிவிட்டார்கள்” என்று மேடைக்கே வந்து வாதாடினாள். இரு அணிகளுக்கும் மதிப்பெண் கொடுத்து ஒருவழியாகச் சமாதானம் செய்தோம். ஆயினும் வீடு திரும்பிய பின்னும் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் என்று எண்ணியவர்கள் யார்? எப்படி எண்ணினார்கள்?

தமிழ் படித்தவர்களுக்குப் பலபொருள் ஒருசொல் என்பது புதிய செய்தியன்று. தொல்காப்பியம் உரியியலில் அதைப் பேசுகிறது. திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்று முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே ஒதுக்கப்பட்டது. ஆனால் அத்தொகுதியின் பெயரிலேயே ‘பெயர்’ என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘அரி’ என்றால் திருமால், சிங்கம், குரங்கு என்று பாடம் செய்த நாம், ‘போடு’ என்ற வினைக்கு எத்தனை பொருள் என்று எண்ணிப் பார்த்ததில்லை. சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். பூனை குட்டி போடுகிறது. இதையெல்லாம் யாராவது நமக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

ஆங்கிலேயர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று பொதுவாகக் கருதப்படுவது ராபர்ட் காட்ரே என்பவர் 1604-ல் வெளியிட்ட சிறுநூல். அதில் இருந்தவை ஏறத்தாழ 2,500 சொற்கள். எல்லாம் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து வந்த கடினச் சொற்கள். அடுத்த நூறாண்டுகளுக்கு வந்த அகராதிகளும் இதே பாதையில் சென்றன. அகராதி என்பது தெரியாத சொல்லுக்குப் பொருள் தேடும் இடம். தெரிந்த சொல்லுக்கு அங்கே என்ன வேலை? அன்றாடச் சொற்களை முறையாகச் சேர்க்கும் முயற்சி 1702-ல் ஜான் கெர்சியின் அகராதியோடுதான் தொடங்குகிறது. சேர்த்த பிறகும், நாய் போன்ற சொற்களுக்கு எல்லோரும் அறிந்த விலங்கு என்ற அளவில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் நீடித்தது.

இந்தச் சிறு சொற்களை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் சாமுவேல் ஜான்சன். 1755-ல் வெளிவந்த அவரது அகராதியில் ‘டேக்’ என்ற வினைக்கு 130-க்கும் மேற்பட்ட பொருள்கள் தரப்பட்டுள்ளன. அருஞ்சொற்களைவிட, செய், கொள், வை, போ என்பன போன்ற பொது வினைகளே தம்மை மிகுதியும் அலைக்கழித்தன என்பதை முன்னுரையில் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அவற்றின் பொருள் தளர்ந்து பரந்து, பிடிக்குள் அடங்காமல் போய்விட்டது என்பதே அவர் முறையீடு. தம்மைவிடப் பெரிய எதிரியைச் சந்தித்த ஒரு மல்லனின் மரியாதை அந்த முறையீட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

1857-ல் இலண்டன் மொழிநூல் கழகத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் தலைமைக் குருவான ரிச்சர்டு ட்ரெஞ்சு, அதுவரையிருந்த ஆங்கில அகராதிகளின் குறைகளைப் பற்றி உரையாற்றினார். ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது என்பதை மேற்கோள்களின் சான்றோடு காட்டும் வரலாற்று அகராதி ஒன்று வேண்டும் என்பது அவர் கருத்து. முதல் பதிப்பாசிரியராக அமர்ந்த ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரர், 1861-ல் முப்பது வயதில் காசநோயால் இறந்துபோனார். பின்பு வந்த ஃபர்னிவால் உற்சாகம் மிக்கவர். ஒழுங்கு அவருக்கு வராது. 1879-ல் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் மர்ரே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பொறுப்பேற்றபோது, ஏறத்தாழ இரண்டு டன் துண்டுச்சீட்டுகள் அவர் வீட்டுக்கு வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி; இன்னொன்றில் குட்டிகளோடு குடித்தனம் நடத்திய சுண்டெலி. வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை கட்டி, ஆயிரத்துச் சொச்சம் மாடங்கள் கொண்ட அடுக்குகளை அமைத்து வேலையைத் தொடங்கினார். பதினொரு குழந்தைகள் அவருக்கு. எல்லாரும் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள்.

முறை எளியது. நூலைப் படிக்கும் தொண்டர், கவனத்தை ஈர்க்கும் ஒரு சொல்லைக் கண்டால் ஒரு சீட்டில் அச்சொல்லையும், அது வரும் வாக்கியத்தையும், நூற்பெயர், ஆண்டு, பக்கத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். ஊதியம் இல்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. வந்து குவிந்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்த மர்ரே திகைத்துப் போனார். ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஏறக்குறைய ஐம்பது மேற்கோள்கள் இருந்தன. எல்லோரும் நாள்தோறும் பயன்படுத்தும் ‘அப்யூஸ்’ என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. காரணம் வெளிப்படை. படிப்பவரின் கண் அபூர்வமான சொல்லில் தடுக்கி நிற்கிறது. பழகிய சொல்லின்மீது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு சொல் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாகப் புழங்குகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு அது சான்றில்லாமல் நிற்கிறது. 1879-ல் ஆங்கிலம் படிக்கும் உலகத்தை நோக்கி மர்ரே விடுத்த வேண்டுகோளில், சாதாரணச் சொற்களுக்கும் இயன்ற அளவு மேற்கோள் எடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் போதவில்லை. விடுபட்ட எளிய சொற்களுக்காக அவரும் உதவியாளர்களும் மணிக்கணக்கில் தாமே நூல்களைப் புரட்டினார்கள்.

இதை நான் சோதித்தே பார்த்திருக்கிறேன். முதுகலை மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு வாரம் கொடுத்து, படித்ததில் கண்ட சொற்களைச் சீட்டில் எழுதி வரச் சொன்னேன். ‘ஞாங்கர்’ வந்தது, ‘கழூஉ’ வந்தது. ‘எடு’ ஒன்றுகூட வரவில்லை. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இந்தக் குறையை நன்கு புரிந்துகொண்டு உதவிய தொண்டர் ஒருவரைப் பற்றித் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும். வில்லியம் செஸ்டர் மைனர் அமெரிக்கப் படை மருத்துவர். மனம் சிதைந்த நிலையில் 1872-ல் இலண்டனில் ஓர் அப்பாவித் தொழிலாளியைச் சுட்டுக் கொன்று, பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். அவர் கதையை இன்று பலரும் அறிவர். அவர் பிறந்தது இலங்கையில், 1834-ல், என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அவருடைய தந்தை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தியவர். 58,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட, சந்திரசேகர பண்டிதர் பெயரோடு வழங்கும் மானிப்பாய் அகராதி 1842-ல் அச்சேறியது அந்த அச்சகத்தில்தான். பையனுக்கு அப்போது ஏழெட்டு வயது. ஓர் அகராதியின் அச்சுத்தாள்களுக்கு அருகில் வளர்ந்த பிள்ளை, முதுமையில் இன்னோர் அகராதிக்காகச் சிறையறையில் அமர்ந்து சீட்டு எழுதினான் என்பது தற்செயல்தான். என்றாலும் அதைக் கடந்துபோக மனம் வரவில்லை.

மைனரின் முறை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. கண்ணில் பட்டதை உடனே அனுப்பாமல், தம்மிடம் இருந்த ஒவ்வொரு பழைய நூலுக்கும் ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொண்டார். பிறகு, இப்போது உங்கள் மேசையில் எந்தச் சொல் இருக்கிறது என்று மர்ரேயிடம் கேட்டு, அச்சொல்லுக்கான மேற்கோள்களை மட்டும் அனுப்பினார். தொகுப்பவருக்குத் தேவை ஏற்படும் சமயத்தில் தேவையான சான்று வந்து சேர்ந்தது. காசியில் வடமொழி பயிற்றுவித்து இங்கிலாந்துக்குச் சென்ற ஃபிட்ஸ்எட்வர்டு ஹாலும் இப்படியே நாளுக்கு நான்கு மணி நேரம், இருபதாண்டுகள், கூலி வாங்காமல் உழைத்தார்.

இனி ‘செட்’டுக்கு வருவோம். மர்ரேயின் இணைப் பதிப்பாசிரியரான ஹென்றி பிராட்லியின் பகுதியில் அமைந்த சொல் இது. இதன் வேர் பழைய ஆங்கிலத்தில் ‘உட்கார்’ என்னும் வினையின் பிறவினை வடிவம். அதாவது ‘உட்கார வை’. இந்த ஒரு விதையிலிருந்து கிளைத்தவற்றைப் பாருங்கள். பொறி வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, அச்செழுத்துக் கோப்பது, கடிகாரத்தைச் சரிசெய்வது, வினாத்தாள் தயாரிப்பது, கவிதைக்கு இசையமைப்பது எல்லாம் ‘செட்’. சிமெண்டு இறுகினாலும் சூரியன் மறைந்தாலும் ‘செட்’. இவற்றுள் எது முதலில் வந்தது, எது எதிலிருந்து பிரிந்தது என்பதை மேற்கோள்களின் ஆண்டுகளை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லான ‘செட்’, இந்த வினையிலிருந்து நேராகப் பிறந்தது என்றே யாரும் நினைப்போம். உண்மையில் அதன் முன்னோர் இலத்தீன் ‘செக்டா’. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. பிரெஞ்சின் வழியாக வந்து, ஒலி ஒத்திருந்ததால் உள்ளூர் வினையோடு கலந்துபோயிற்று. ஆகவே கல்லூரிப் பையன்கள் ‘எங்க செட்டு’ என்று சொல்லும்போது பேசுவது ஒரு வேர்; ‘அது எனக்கு செட் ஆகாது’ என்று சொல்லும்போது பேசுவது வேறொரு வேர்.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு மட்டும் 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கப்பட்டிருந்தன. ஒரு குறுநாவலைவிட நீளமான பதிவு. வினாடி வினாப் புத்தகங்களின் விடை அங்கிருந்து வந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்கள் 2000 முதல் வெளிவரத் தொடங்கியதும் ‘மேக்’, பிறகு 2007-ல் ‘புட்’, 2011-ல் ‘ரன்’ என்று சாதனை கைமாறியது. ‘ரன்’னுக்கு 645 பொருள்கள். அதைத் திருத்திய பீட்டர் கில்லிவர் அந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதங்களுக்கு மேல் செலவிட்டார். மனிதனும் குதிரையும் ஓடிக்கொண்டிருந்த சொல்லில், இயந்திரங்கள் வந்த பிறகு இரயில் ஓடியது, ஆலை ஓடியது, கணிப்பொறியில் நிரல் ஓடியது.

அப்படியானால் மாணவி சொன்னதே சரியா? அவள் எண் சரி. ஆனால் 430 ஒரு காலத்துப் பதிப்பாசிரியர்கள் வகுத்த எண். 645 வேறொரு காலத்தவர், கணினியில் கொட்டிக் கிடக்கும் சான்றுகளோடு வகுத்த எண். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. இரயில் ஓடுவதும் பேருந்து வழித்தடம் ஓடுவதும் ஒரு பொருளா, இரு பொருளா? ஒரு தொகுப்பாளர் பிரிப்பார், இன்னொருவர் சேர்ப்பார். மேற்கோள்கள் இருக்கின்றன, ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே கோடு கிழிப்பது மனிதக் கை. போட்டியில் கேட்கத் தகுந்த வினா இதுவன்று என்பதே நடுவரின் காலம் கடந்த தீர்ப்பு.

ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் வாழும் பேறு மர்ரேக்கு வாய்க்கவில்லை. பத்தாண்டுகளில் முடிக்கலாம் என்று கணக்கிட்ட பணியில் ஐந்தாண்டுகள் கழித்து, 1884-ல், ‘ஆன்ட்’ வரைதான் வர முடிந்தது. அச்சகத்தின் ஆட்சிக்குழுவினர் ஆண்டுக்கு 704 பக்கங்கள் வேண்டும் என்றார்கள். வெப்ஸ்டர் அகராதியின் ஒரு பக்கத்துக்கு இத்தனை பக்கத்தைத் தாண்டக்கூடாது என்று அளவு வைத்தார்கள். செய்தித்தாள் மேற்கோள்களைத் தவிர்க்கச் சொல்லியும் 1883-ல் ஒரு பரிந்துரை வந்தது, மர்ரே இசையவில்லை. பேரறிஞர் நூல்களில் மட்டும் தேடினால் சாதாரணச் சொல்லின் சாதாரண வாழ்க்கை எங்கிருந்து கிடைக்கும்? பக்கத்தை விழுங்குபவையும் நாளை விழுங்குபவையும் இந்த எளிய வினைகளே என்பதை ஆட்சிக்குழுவுக்குப் புரியவைப்பதிலேயே அவர் ஆயுளில் பெரும்பங்கு கழிந்தது.

அகராதி 1928-ல் முடிந்தது: 4,14,825 தலைச்சொற்கள், 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். கடைசியாக அச்சேறியது ‘இஸட்’ அன்று, ‘டபிள்யூ’வின் இறுதிப் பகுதி; இஸட் முன்னரே முடிந்திருந்தது. பிராட்லி 1923-ல் காலமாகியிருந்தார். மர்ரே அதற்கும் முன்பே, 1915 ஜூலையில், எழுபத்தெட்டாம் வயதில் மறைந்தார். ஜான்சனை மலைக்க வைத்த ‘டேக்’கை உள்ளடக்கிய ‘டி’ எழுத்து அவருடையது. அவர் கடைசியாகத் தொகுத்து முடித்த பகுதியில் இருந்த பெரிய சொல், ‘டர்ன்’.