டாக்கிங் நிலையமும் மேசைக்கணினித் தளமும்

டாக்கிங் நிலையம் என்பது திரை, விசைப்பலகை, வன்தட்டு, வலையிணைப்பு ஆகியவற்றை ஒரே கேபிள் வழியாகக் கணினியுடன் சேர்க்கும் கருவி. பேச்சுவழக்கில் 'டாக்' எனப்படுகிறது. மடிக்கணினிக்காகத் தோன்றிய இக்கருவி 2011-க்குப் பின் மேசைக்கணினிப் பயனர்களிடமும் பரவியது. டாக்கின் வேகத்தை டாக் மட்டும் தீர்மானிப்பதில்லை. செயலி, மதர்போர்டு, இயங்குதளம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணினித் தளமே தீர்மானிக்கிறது.

தொடக்கம்

ஆப்பிள் நிறுவனம் 1992 அக்டோபரில் பவர்புக் டுவோ என்ற மடிக்கணினியையும் டுவோ டாக் என்ற நிலையத்தையும் வெளியிட்டது. எடையைக் குறைப்பதற்காக மடிக்கணினிக்குள் ஃபிளாப்பி இயக்கி வைக்கப்படவில்லை. மடிக்கணினியை மூடி, வீடியோ கேசட்டைப் போல நிலையத்துக்குள் செருகினால் அது முழு மேசைக்கணினியாக இயங்கியது. செயலியின் தரவுத்தடம் நேரடியாக நிலையத்துக்குச் சென்றதால் வேகம் குறையவில்லை. ஆனால் அந்த நிலையம் டுவோ வரிசைக்கு மட்டுமே பொருந்தியது. பிற நிறுவனங்களும் தங்கள் மாதிரிகளுக்கென்றே தனித்தனி நிலையங்களைச் செய்தன. கணினியை மாற்றினால் டாக்கையும் மாற்ற வேண்டியிருந்தது.

யூ.எஸ்.பி

எல்லாக் கணினிக்கும் பொதுவான இணைப்பு 1996-இல் யூ.எஸ்.பி வடிவில் வந்தது. வடோதராவில் பிறந்த அஜய் பட், இன்டெல் நிறுவனத்தில் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். முதல் பதிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000-இல் வந்த யூ.எஸ்.பி 2.0 அதை 480 மெகாபிட்டாகவும், 2008-இல் வந்த யூ.எஸ்.பி 3.0 அதை 5 கிகாபிட்டாகவும் உயர்த்தின.

யூ.எஸ்.பி டாக்குகள் எந்தக் கணினியிலும் பொருந்தின. ஆனால் பழைய டாக்குகளைப் போலச் செயலியின் தரவுத்தடத்தை அவை நேரடியாகத் தொடவில்லை. யூ.எஸ்.பி 3.0 வரையிலான இணைப்பில் திரைக்கான தனிப் பாதையும் இல்லை. டிஸ்ப்ளேலிங்க் போன்ற நுட்பங்கள் படத்தை மென்பொருளால் சுருக்கி அனுப்பின. கடிதம் தட்டச்சு செய்ய அது போதும். காணொளித் தொகுப்புக்குப் போதவில்லை.

தண்டர்போல்ட்

இன்டெல் 2009-இல் லைட் பீக் என்ற பெயரில் ஒளியிழை இணைப்பு ஒன்றைக் காட்டியது. அது 2011 பிப்ரவரி 24 அன்று தண்டர்போல்ட் என்ற பெயரில், செம்புக் கம்பியில், ஆப்பிளின் மேக்புக் ப்ரோவில் வெளிவந்தது. ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 10 கிகாபிட் சென்றது. பிசிஐ எக்ஸ்பிரஸ் தரவும் டிஸ்ப்ளேபோர்ட் படமும் ஒரே கம்பியில் பயணம் செய்தன. டுவோ டாக் தந்த நேரடித் தொடர்பு, இம்முறை பொதுவான கேபிள் வழியாகத் திரும்பி வந்தது.

அதே ஆண்டு மே மாதம் ஐமேக் மேசைக்கணினியிலும் தண்டர்போல்ட் இடம்பெற்றது. ஜூலையில் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் டிஸ்ப்ளே, திரையாகவும் டாக்காகவும் இயங்கியது. 2013-இல் வேகம் 20 கிகாபிட்டாகவும், 2015-இல் தண்டர்போல்ட் 3 மூலம் 40 கிகாபிட்டாகவும் உயர்ந்தது. மூன்றாம் பதிப்பு யூ.எஸ்.பி-சி வடிவ வாயைப் பயன்படுத்தியது. ஒரே வடிவத் துளைக்குப் பின்னால் வெவ்வேறு வேகங்கள் ஒளிந்திருக்கும் குழப்பம் இங்கே தொடங்கியது.

மேசைக்கணினியின் சிக்கல்

தனித்தனி பாகங்களைச் சேர்த்து அமைக்கும் மேசைக்கணினியில் தண்டர்போல்ட் எளிதாக இடம்பெறவில்லை. படம் கிராஃபிக்ஸ் அட்டையிலிருந்து வருகிறது. தரவு மதர்போர்டிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே துளையில் சேர்க்க வேண்டும். ஆசுஸ் வெளியிட்ட தண்டர்போல்ட் இஎக்ஸ் போன்ற சேர்ப்பு அட்டைகளுக்கு, மதர்போர்டில் அதற்கென்றே ஒரு முள்வரிசையும், கிராஃபிக்ஸிலிருந்து அட்டைக்கு ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கம்பியும் தேவைப்பட்டன. முள்வரிசை இல்லாத மதர்போர்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது.

ஏஎம்டி செயலி வாங்கியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் குறைவாக இருந்தது. 2019-இல் இன்டெல் தண்டர்போல்ட் 3 வரையறையை யூ.எஸ்.பி குழுவுக்கு அளித்தது. அதே ஆண்டு அதன் அடிப்படையில் யூ.எஸ்.பி4 வெளிவந்தது. 2024 செப்டம்பரில் வந்த ஏஎம்டி எக்ஸ்870, எக்ஸ்870இ மதர்போர்டுகளில் யூ.எஸ்.பி4 கட்டாயமானது. அவற்றுள் பலவற்றில் யூ.எஸ்.பி4 சில்லு, எம்.2 வன்தட்டு இடம் ஒன்றுடன் தடங்களைப் பகிர்ந்துகொள்கிறது. அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் மேசைக்கணினிச் செயலிகளில் தண்டர்போல்ட் 4 செயலியோடு இணைந்தே வந்தது.

இயங்குதளத்தின் பங்கு

வன்பொருள் ஒன்றாக இருந்தாலும் இயங்குதளம் முடிவை மாற்றும். ஒரே டிஸ்ப்ளேபோர்ட் தடத்தை இரண்டு திரைகளுக்குப் பிரிக்கும் யூ.எஸ்.பி-சி டாக், விண்டோஸில் இரு தனித் திரைகளைத் தருகிறது. மேக்ஓஎஸ் அப்பிரிவை ஆதரிக்காததால் இரண்டிலும் ஒரே படம் தெரிகிறது. 2020-இல் வந்த எம்1 மேக்குகள் தண்டர்போல்ட் வாய் இருந்தும் வெளிப்புற கிராஃபிக்ஸ் அட்டைகளை ஏற்கவில்லை. லினக்ஸ் 2017-இல் 4.13 கெர்னல் முதல் தண்டர்போல்ட் பாதுகாப்பு நிலைகளைக் கையாளத் தொடங்கியது. இணைக்கப்படும் கருவி கணினியின் நினைவகத்தை நேரடியாகத் தொட முடியும் என்பதால் இந்தப் பாதுகாப்பு அவசியமாகிறது.

தமிழ்நாட்டுச் சூழல்

ஸ்ரீபெரும்புதூரில் டெல் தொழிற்சாலை 2007-இல் தொடங்கப்பட்டது. புதுச்சேரியில் லெனோவாவின் ஆலை உள்ளது. யூ.எஸ்.பி-சி வாய் கொண்ட முதல் ஐபோன் வரிசையான ஐபோன் 15, 2023-இல் ஸ்ரீபெரும்புதூரில் தயாரானது. அதே ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனம் யூ.எஸ்.பி-சி வாய்க்கான தரத்தை வெளியிட்டது. துளையின் வடிவம் ஒன்றானதால் வேகமும் ஒன்றாகிவிடவில்லை. ஐபோன் 15-இன் அடிப்படை மாதிரி, யூ.எஸ்.பி 2.0 வேகத்திலேயே தரவை அனுப்புகிறது.

இந்த வேறுபாடு என்ன செலவாகும் என்பதைத் திருவண்ணாமலையை வைத்துக் கணக்கிடலாம். கார்த்திகை தீபத் திருவிழாவைப் பல கேமராக்களில் பதிவுசெய்யும் ஒளிப்பதிவுக்கூடம் ஒன்று 200 கிகாபைட் காணொளியைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்று கொள்வோம். கோட்பாட்டு அளவில் யூ.எஸ்.பி 2.0 வழியே 55 நிமிடங்களுக்கு மேல் ஆகும். 5 கிகாபிட்டில் 5 நிமிடம் 20 நொடி. 40 கிகாபிட்டில் 40 நொடி. நடைமுறையில் எல்லாமே இதைவிடக் கூடும். கேமரா அட்டையும் வன்தட்டும் மெதுவானவை என்றால் வேகமான டாக்கால் பயனில்லை. தீபம் ஏற்றிய இரவிலேயே தொகுத்து அனுப்ப வேண்டியவருக்கு ஒரு மணிநேரம் பெரிது.

தேர்வின் வரிசை

வாங்குபவர் பலர் டாக்கை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின் கணினியைப் பார்க்கிறார்கள். இந்த வரலாறு காட்டும் வரிசை நேர்மாறானது. எத்தனை திரை, எவ்வளவு தரவு என்பது முதலில். அதைத் தாங்கும் இயங்குதளமும் செயலியும் அடுத்து. மதர்போர்டு கையேட்டில் தண்டர்போல்ட் அல்லது யூ.எஸ்.பி4 என்ற சொல்லும் 20 அல்லது 40 என்ற எண்ணும் உள்ளனவா என்பது அதன்பின். 'யூ.எஸ்.பி-சி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது துளையின் வடிவத்தையே சொல்கிறது. டாக்கும் கேபிளும் கடைசியில் வாங்கப்பட வேண்டியவை.