இளம்பருவ ஆஞ்சியோஃபைப்ரோமாவும் நடுச்செவி நீரும்

மூக்கின் பின்புறத்தில், தொண்டையின் மேற்பகுதியை ஒட்டி வளரும் கட்டி இளம்பருவ ஆஞ்சியோஃபைப்ரோமா. நார்த்திசுவும் இரத்தக் குழாய்களும் நிறைந்தது. புற்றுநோய் அல்ல. ஆனாலும் எலும்பை அரித்துக் கண்குழிக்கும் மண்டையோட்டின் அடித்தளத்துக்கும் பரவக்கூடியது. ஏறக்குறைய எப்போதும் பதின்வயதுப் பையன்களுக்கே வருகிறது. ஒருபக்க மூக்கடைப்பும், வலியின்றி அடிக்கடி மூக்கில் இரத்தம் கொட்டுவதும் முக்கிய அறிகுறிகள்.

நடுச்செவிக்குக் காற்று கொண்டுசெல்லும் யூஸ்டேஷியன் குழாய் மூக்கின் பின்புறத்தில்தான் திறக்கிறது. பெரியவர்களுக்கு அது சுமார் 36 மி.மீ. நீளம். கட்டி அதன் வாயை அடைத்தால், உள்ளே சிக்கிய காற்றைச் சளிச்சவ்வு உறிஞ்சிக்கொள்ளும். அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்வாங்கும். நீர் கசிந்து தேங்கும். பெரும்பாலும் வலி இருக்காது. பையன் டிவி சத்தத்தைக் கூட்டுவான், வகுப்பில் கவனமில்லை என்று திட்டு வாங்குவான். செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி வரைபடம் மேடு இல்லாமல் தட்டையாக வரும். உட்செவி நரம்பு கெடுவதில்லை என்பதால் இந்தக் கேட்புக்குறை பொதுவாக மீளக்கூடியது.

ஒரு காதில் மட்டும் நீர் நீடித்தால், மூக்கின் பின்புறத்தை எண்டோஸ்கோப்பால் பார்த்தே தீர வேண்டும். வெறும் காதுச் சொட்டு மருந்து காலத்தைத்தான் வீணாக்கும். சந்தேகமுள்ள கட்டியில் பயாப்ஸிக்காகத் துண்டு வெட்டுவது கடும் இரத்தப்போக்கில் முடியலாம். அதனால் சிடி, எம்ஆர்ஐ படங்களைக் கொண்டே பெரும்பாலும் நோயை முடிவு செய்கிறார்கள். கட்டிக்கு இரத்தம் தரும் தமனிகளை முதலில் அடைத்துவிட்டு, 1 முதல் 3 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வது வழக்கம். அதன் பிறகும் நீர் வடியாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவார்கள்.