தாரையின் எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது? பிகேஎஸ் 0637-752 குவேசாரை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

1999 ஆகஸ்டில் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் குவியத்தைச் சரிபார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிகேஎஸ் 0637-752 என்ற குவேசார். தூரம் சுமார் 600 கோடி ஒளியாண்டு, செம்பெயர்ச்சி 0.65. வெறும் புள்ளியாகத் தெரியும் என்றுதான் அதைத் தேர்ந்தார்கள். படத்திலோ புள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 10 வில்விநாடிக்கு ஒரு தாரை நீண்டிருந்தது. ஆஸ்திரேலிய ரேடியோ தொலைநோக்கிகள் முன்பே பதிவுசெய்திருந்த தாரையோடு அது முடிச்சுக்கு முடிச்சு பொருந்தியது. ஆகவே ஆடியின் பழுது அன்று.

ஹப்பிள் படத்தில் அதே முடிச்சுகள் மிக மங்கல். ரேடியோ முதல் எக்ஸ் கதிர் வரை ஒரே எலெக்ட்ரான் திரளின் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று கொண்டால், கண்ணுறு ஒளி இன்னும் பிரகாசமாக இருந்திருக்க வேண்டும். இதிலிருந்து 2000இல் தவெக்கியோ குழு ஒரு விளக்கத்தை முன்வைத்தது: தாரை ஒளிவேகத்தை நெருங்கி, ஏறக்குறைய நம்மை நோக்கியே பாய்கிறது; அதன் எலெக்ட்ரான்கள் அண்ட நுண்ணலைப் பின்னணியின் ஒளித்துகள்களை மோதி எக்ஸ் கதிராக உயர்த்துகின்றன. பல ஆண்டுகள் இதுவே இத்துறையின் பாடமாக இருந்தது.

என் மறுப்பு அதன் கணக்கைப் பற்றியதன்று. அது நம்பியிருக்கும் சாட்சியைப் பற்றியது. இந்த எக்ஸ் கதிருக்குத் தேவையானவை குறைந்த ஆற்றல் எலெக்ட்ரான்கள். அவற்றின் ரேடியோ ஒளியோ நம் கருவிகளுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணில் கிடக்கிறது. காணாத திரளை வைத்துத்தான் கண்டதை விளக்கினார்கள். அதற்கு விலையும் உண்டு. வானில் 2 லட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீண்டு தெரியும் தாரை, நம் பார்வைக் கோட்டுக்குச் சுமார் 6 பாகைக்குள் சாய்ந்திருந்தால் அதன் மெய்யான நீளம் 20 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு தூரத்துக்கும் வேகம் தளரக் கூடாது.

சந்திராவின் படத்திலேயே இதற்கு எதிரான தடயம் இருந்தது. தாரை வளையும் இடத்துக்கு அப்பால் ரேடியோ ஒளி தொடர்கிறது. எக்ஸ் கதிரோ சட்டென்று வீழ்கிறது. குறைந்த ஆற்றல் எலெக்ட்ரான்கள் மிக மெதுவாகவே ஆற்றலை இழப்பவை. எக்ஸ் கதிர் அவற்றுடையதானால் வளைவைத் தாண்டியும் நீடித்திருக்க வேண்டும். வளைவில் தாரையின் திசையோ வேகமோ மாறியதால் மங்கியது என்று பதில் சொல்லலாம். ஆனால் முடிச்சுகளுக்கு இடையிலும் ஒளி குறைவதை அந்தப் பதில் தொடுவதில்லை. இந்தப் படத்தை 2000இலேயே இப்படி வாசித்திருக்க முடியும் என்றே கருதுகிறேன்.

காணாத எலெக்ட்ரான்களை விட்டு, கண்ட எலெக்ட்ரான்களிடம் கேட்பதே சரியான சோதனை. ரேடியோ ஒளி தருபவையும் அதே பின்னணியை மோதியாக வேண்டும். அப்போது பிறப்பது காமா கதிர். ஃபெர்மி தொலைநோக்கியால் தாரையைக் கருவிலிருந்து பிரித்துக் காண இயலாது. ஆனால் கரு ஏறி இறங்கும், தாரை மாறாது. கரு அடங்கியிருந்த காலங்களை மட்டும் சேர்த்துப் பார்த்தது மேயர், ஜியார்கனோபுலோஸ் குழு. 2015இல் வெளியான முடிவின்படி, தவெக்கியோ விளக்கம் கோரிய அளவு காமா கதிர் அங்கே இல்லை. அப்படியானால் மிஞ்சுவது வேறொரு மிகை ஆற்றல் எலெக்ட்ரான் திரளின் சிங்க்ரோட்ரான் ஒளி. பிகேஎஸ் 1136-135 தாரையில் ஹப்பிள் கண்ட வலுவான முனைவாக்கமும் இப்பக்கமே சாய்கிறது. ஆனால் அத்திரளை அவ்வளவு தொலைவில் முடுக்குவது எது என்பது தீராத கேள்வி.

பழைய விளக்கத்துக்குப் புகலிடம் தொலைதூரக் குவேசார்களில் உண்டு. பின்னணிக் கதிர்வீச்சின் ஆற்றல் அடர்த்தி, செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டிய எண்ணின் நான்காம் படியாக ஏறும். 2021இல் சந்திராவின் மூன்று நாள் நோக்கில் தாரைக்குச் சான்று கிட்டிய பிஎஸ்ஓ ஜே352.4034-15.3373 குவேசாரின் செம்பெயர்ச்சி 5.83, அங்கே அவ்வடர்த்தி, பிகேஎஸ் 0637-752 இருக்கும் காலத்தைவிட ஏறத்தாழ 290 மடங்கு. அவ்வளவு மிகுந்தபின் மோதல் விளக்கத்தை மறுக்க நான் துணியேன். ஆனால் அதை முன்னுதாரணமாக்கிப் பிகேஎஸ் 0637-752க்குத் திரும்பி வருவதை ஏற்க முடியாது. ஒரு செயல்முறை தளர்ந்து மற்றது மேலோங்கும் செம்பெயர்ச்சி எது என்பதை, கையில் உள்ள சில தாரைகளின் சொற்ப ஒளித்துகள்களைக் கொண்டு இப்போதைக்கு வரையறுக்க வழியில்லை.