அசைக்காமல் கழுவும் படம்

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கூரை இழந்து நிற்கும் பழைய வீடொன்றை நடுப்பகலில் படமெடுப்பது கடினம். சுவருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் தரையில் வெய்யில் கண்ணைப் பறிக்கும்; உள் அறை இருண்டு கிடக்கும். வெளியைக் காப்பாற்றினால் அறை கறுத்துவிடும், அறையைக் காப்பாற்றினால் வெளி வெறும் வெள்ளையாகிவிடும். 1990 யூனில் போரினால் ஊரைவிட்டுப் போன சனத்துக்குத் துறைமுகம் 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியின் அடையாளம் இந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. ஆகவே இருளும் வெளிச்சமும் இரண்டுமே படத்தில் வேண்டும்.

பெரிய கறுப்பு வெள்ளை ஷீட் பிலிமில் அதற்கு ஒரு வழி உண்டு. டெவலப்பரை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து ஊற்றி, தொடக்கத்தில் ஒரு நிமிடம் மட்டும் மெல்ல அசைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் அப்படியே விட்டுவிடுவது. ஸ்டாண்ட் டெவலப்மென்ட் என்பார்கள்.

இது ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்ததல்ல. முன்பு கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவவேண்டியிருந்தது. 1871இல் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் ஜெலற்றின் உலர்தட்டை அறிவித்தபின் அந்த அவசரம் தணிந்தது. அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஜேர்மன் இரசாயனவியலாளர் மொம்மே அந்த்ரேசன். பேர்லினில் அனிலின் சாயம் செய்த அக்ஃபா கம்பனிக்காக அவர் உருவாக்கிய றொடினால், 1891 ஜனவரி 27இல் காப்புரிமை பெற்றது. அது பரா அமினோபீனோலால் ஆன செறிந்த திரவம். தூள்களை நிறுத்துக் கலக்கும் வேலை இல்லை. தண்ணீர் சேர்த்தாலே போதும். ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் விட்டாலும் வேலை செய்யும், ஆனால் மிக மெதுவாக. இந்த மெதுவைத்தான் பிறகு வந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சிவப்பு விளக்கில் பார்த்துப் பார்த்துக் கழுவும் வழக்கமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1906இல் ரட்டன் அன் வெயின்ரைட் கம்பனி சிவப்பையும் உணரும் பான்குரோமற்றிக் தட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றை முழு இருட்டில்தான் கழுவலாம். கண்ணின் இடத்தைக் கடிகாரம் பிடித்தது. நீர்த்த மருந்தோ ஐந்து நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் படத்தைக் கெடுக்காது.

ஏன் அசைக்கக்கூடாது? வெய்யில் விழுந்த இடங்களில் கழுவ வெள்ளி அதிகம். அங்கே மருந்து விரைவில் தீர்ந்துபோகும், புது மருந்தும் வந்து சேராது. நிழலில் மருந்து மெல்ல வேலையைத் தொடரும். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் தீர்ந்த மருந்தும் தீராத மருந்தும் ஒன்றுக்குள் ஒன்று பரவுவதால் விளிம்பு கூர்மையாகத் தெரியும். தீர்ந்த மருந்து அயலைப் பாதிக்கும் இந்த விளைவை 1912இல் குஸ்தாவ் எபர்ஹார்ட் விளக்கினார். அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

இதில் குறையும் உண்டு, அதை மறைத்துப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. கழுவும்போது வெளியாகும் புரோமைட்டு, பிலிமைத் தொங்கவிட்டால் கீழ்நோக்கி வடிந்து கோடு போடும். வானம் போன்ற பரந்த பரப்பில் திட்டுத்திட்டாகத் தெரியும். தட்டில் படுக்கவைத்து, பாதி நேரத்தில் ஒருமுறை மெல்ல அசைப்பது நல்லது.

யாழ்ப்பாணத்தில் இன்னும் இரண்டு கவனம் தேவை. நம் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது, கடினநீர், வடிநீரையே பாவியுங்கள். நம் வீட்டுத் தண்ணீர் 20 பாகை செல்சியஸுக்கு மேலே சூடாக இருக்கும்; ஐஸ் கட்டி வைத்த தொட்டிக்குள் தட்டை இருத்தாவிட்டால் படம் மிதமிஞ்சிக் கழுவப்பட்டுவிடும். நான்குக்கு ஐந்து அங்குல ஷீட் நான்குக்கு, 500 மில்லிலீற்றரில் 5 மில்லிலீற்றர் றொடினாலாவது இருக்கட்டும்.

எல்லாப் படத்துக்கும் இந்த முறை வேண்டாம். மேகம் மூடிய நாளில் எடுத்ததை வழக்கம்போல் அசைத்தே கழுவுங்கள், இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் மயிலிட்டியின் நடுப்பகலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரே காட்சியை இரண்டு ஷீட்டில் எடுத்து, ஒன்றை வழக்கப்படியும் மற்றதை இப்படியும் கழுவிப் பாருங்கள். பழைய சுவர்களை இடித்துப் புதிதாகக் கட்டுமுன் எடுங்கள்.